முள் அசையாத வரைக்கும்

ஒரு ஊரிலே, நிழலுக்கும் வேர்க்கிற ஒரு ஊரிலே, ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள்.

குரு சின்னவள். பெயர் ஆபிதா. கார் ஏசி பார்க்கிற ஷெட் வைத்திருந்தாள்.

சீடர் பெரியவர். பெயர் தவசி. காலமெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்றபின் தொழில் கற்க வந்தவர்.

"வாத்தியாரம்மா, என்னை எப்பதான் அனுப்பப் போறீங்க?" என்று கேட்டார் தவசி.

சொந்த ஊரில் கடை பிடித்தாயிற்று. 'தவசி கார் ஏசி' என்று பலகையும் எழுதியாயிற்று. அந்தப் பலகை ஷெட் மூலையில், வாத்தியார் நிற்க வைத்த பையன் மாதிரி, சுவரைப் பார்த்து நின்றது.

"நீங்க கேஸ் போட்ட வண்டி திரும்பி வராத அன்னைக்கு, அண்ணே."

சொல்லி வாய் மூடவில்லை. ஜெபசிங்கின் டாக்சி உள்ளே நுழைந்தது. கண்ணாடி நாலும் இறக்கியிருந்தது.

"பெரியவரே, மறுபடியும் அனல் காத்து! போன முகூர்த்தத்துல மாப்பிள்ளை வேர்த்த வேர்வையில, மூஞ்சி பவுடரு பூராவும் சட்டைக்கு வந்துடுச்சு."

"போன மாசம் ஜில்லுன்னுதானேப்பா போச்சு?"

"போச்சு. நின்னுச்சா?"

தவசி குருவைப் பார்த்தார்.

"தராசுல வச்சு, அளவு பிசகாமத்தான் போட்டேன். நான் போட்ட கேஸ்ல என்ன குத்தம்?"

ஆபிதா வண்டியின் பானட்டைத் தூக்கினாள்.

"பம்ப்பை மாட்டுங்கண்ணே."

மிச்சமிருந்த கேஸை மிஷின் இழுத்துத் தன் சிலிண்டரில் வைத்துக்கொண்டது. பிறகு பம்ப் ஓடி, குழாய்க்குள் இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சியது. அழுத்தம் காட்டும் மீட்டரில் முள் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கி, அடியில் போய்ப் படுத்தது.

தவசி வழக்கம்போலப் புது கேஸ் சிலிண்டரைத் தூக்கினார்.

ஆபிதா வால்வை மூடினாள். பம்ப்பை நிறுத்தினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஃபிளாஸ்க்கைத் திறந்தாள்.

"அதான் காலியாயிடுச்சே. ஏத்த வேண்டியதுதானே?"

"டீ குடிங்கண்ணே."

"யார் வரணும்னு உக்காந்திருக்கோம்?"

அவள் டீயை ஊதினாள்.

"பஸ்ல ஆளெல்லாம் ஏறியாச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"விசில் குடுப்பேன்."

"உடனேயா?"

"உடனே எப்படி? கதவு சாத்தியிருக்கான்னு..."

தவசி டம்ளரைக் கீழே வைத்தார்.

மீட்டரைப் பார்த்தார். முள் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. அவர் பார்க்கப் பார்க்க இன்னும் கொஞ்சம் ஏறியது. எங்கிருந்தோ வெளிக்காற்று உள்ளே புகுந்துகொண்டிருந்தது.

உள்ளே ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததும் நிற்கவில்லை.

ஜெபசிங் ஹாரன் அடித்தார்.

"என்ன பெரியவரே, மீட்டரையே மொறைக்கிறீங்க? ஏத்தி விடுங்க. சாயங்காலம் ரிசப்ஷன் டிரிப். இன்னைக்கு ஒரு நாள் ஓடினா போதும்."

"இறங்குப்பா. இப்ப வண்டி எடுக்க முடியாது."

"ஏன்?"

"கதவு திறந்திருக்கு."

ஜெபசிங் நாலு கதவையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எல்லாம் சாத்தித்தான் இருந்தது. ஆபிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தவசி நைட்ரஜன் ஏற்றி, இணைப்பு இணைப்பாக சோப்பு நுரை தடவினார். முன்பக்கம் கண்டென்சரில் குழாய் சேரும் இடத்தில் ஒரு குமிழ் வந்தது. உடைந்தது. இன்னொன்று வந்தது. உள்ளிருந்த ரப்பர் வளையம் காய்ந்து, வெடித்திருந்தது.

புது வளையத்தில் எண்ணெய் தொட்டுப் போட்டார். மறுபடி பம்ப்பை ஓட்டினார். வால்வை அவரே மூடினார். அவரே உட்கார்ந்தார். ஆறிப்போன டீயைக் குடித்தார்.

முள் படுத்த இடத்திலேயே கிடந்தது.

ஜெபசிங்குக்கும் வேறு வழி இல்லை. அவரும் ஒரு டயர் மேல் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் தவசி கேஸ் ஏற்றினார். வண்டிக்குள் காற்று ஜில்லென்று வந்தது. ஜெபசிங் கண்ணாடி நாலையும் ஏற்றிவிட்டு, உள்ளேயிருந்து கும்பிடு போட்டுக்கொண்டே போனார்.

ஆபிதா மூலைக்குப் போனாள். பலகையைத் தூசி தட்டி, எழுத்து தெரியத் திருப்பி வைத்தாள்.

"எடுத்துட்டுப் போங்கண்ணே."

தவசி தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரித்தார். பலகையைப் பழையபடி சுவரைப் பார்க்க வைத்தார்.

"என்னண்ணே?"

"இப்பத்தானே எனக்கு வால்வை மூடியிருக்கு, வாத்தியாரம்மா? முள் நிக்குதான்னு நீங்க பாத்துக்கிட்டிருங்க. நான் போய் ஒரு டீ சாப்பிட்டுட்டு வரேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலில் இறங்கி நடந்தார்.