மஞ்சள் கைகள் கட்டிய கோபுரம்

கொடுக்கம்பட்டிச் சடையாண்டிக்குத் தூக்கமே போச்சு. மகள் பேச்சியைப் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை மதுரையிலிருந்து ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். உள்ளே குட்டிக் குட்டி பிளாஸ்டிக் கட்டைகள், கட்டும் விதம் காட்டும் ஒரு புத்தகம். ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் கோயில் கோபுரம். "வெள்ளிக்கிழமை நிச்சயத்துக்கு வர்றோம் மாமா. அதுக்குள்ள கட்டி வைங்க. புத்தகத்துல இருக்கற மாதிரியே இருக்கணும்" என்று போனிலும் சொல்லிவிட்டான். கோபுரம் கோணினால் சம்பந்தம் கைநழுவிவிடுமே என்று சடையாண்டி உடனே ஆள் விட்டார்.

உதவிக்கு மைத்துனர்கள் ஒச்சப்பனும் வீரணனும் வந்தார்கள். மூளைக்காரர்கள், அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

புத்தகத்தில் எழுத்தே இல்லை, படம்தான். ஒவ்வொரு படத்திலும் இரண்டு கைகள் கட்டையைப் பொருத்திக்கொண்டிருந்தன. மூவரும் குந்தியிருந்து நெடுநேரம் உற்றுப் பார்த்தார்கள்.

"மச்சான், கை மட்டுந்தான் இருக்கு. ஆளக் காணோம்" என்றான் ஒச்சப்பன்.

"ஆள் தெரியக் கூடாதுன்னு அர்த்தம் மாப்ள" என்றார் சடையாண்டி.

"அந்தக் கையும் மஞ்சளா இருக்கு" என்றான் வீரணன்.

உடனே மஞ்சள் அரைத்து முழங்கை வரை பூசினார்கள். புதுப் போர்வையைக் கூடத்தின் குறுக்கே கட்டி, இரண்டு ஓட்டை போட்டு, சடையாண்டி பின்னால் உட்கார்ந்து கைகளை மட்டும் நீட்டினார். எது எங்கே போகிறதென்று அவருக்குத் தெரியவில்லை. முன்னால் நின்று ஒருத்தர் சொல்லலாமே என்றாள் மனைவி சிட்டம்மாள். படத்தில் அப்படி யாரும் நிற்கவில்லையே என்று மூவரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

முதல் முறை போர்வையும் கோபுரத்துக்குள் மாட்டிக்கொண்டது. போர்வையை அவிழ்த்ததும் எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது.

அடுத்த முறை, பக்கத்துத் தட்டிலிருந்த மைசூர்பாகும் சேர்ந்து மூன்று நிலைக்கு ஏறிவிட்டது. கோபுர வாசலில் எறும்புகள் சாரிசாரியாக நுழைவதைக் கண்டு வீரணன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். கூட்டம் வர ஆரம்பித்துவிட்டதாம்.

எப்படியோ வெள்ளிக்கிழமை கோபுரம் எழுந்து நின்றது. தெருவில் வேன் சத்தம் கேட்டது. சடையாண்டி கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்; முகம் வெளிறிப்போனது. அதில் கோபுரம் மட்டுமே இருந்தது.

"கையே இல்லையே மாப்ள."

"அப்ப வீட்டுல ஒருத்தர் கையும் இருக்கக் கூடாது மச்சான்" என்றான் ஒச்சப்பன்.

பட்டுச்சேலை கட்டிய பேச்சி உட்பட மொத்தக் குடும்பமும் மாட்டுக்கொட்டத்துக்குள் ஓடி ஒளிந்தது. வந்தவர்கள் கோபித்துக்கொண்டு திரும்பிவிடுவார்களே, மகள் வாழ்க்கை என்னாகும் என்று சடையாண்டி தட்டியோரம் காது வைத்துக் கேட்டார். பேச்சுச் சத்தமே கேட்கவில்லை. பொறுக்கமாட்டாமல் வெளியே எட்டிப் பார்த்தார்.

வைக்கோற்போருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் அப்பா தவசி, தாம்பூலத் தட்டோடு பதுங்கியிருந்தார். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை, அத்தைமார், சித்தப்பாமார் எல்லோரும்.

"சத்தம் போடாதீங்க சம்பந்தி" என்றார் தவசி. "கடைசிப் பக்கம் நாங்களும் பாத்திருக்கோம்."

சடையாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்பேர்ப்பட்ட சம்பந்தம் யாருக்கு வாய்க்கும்? அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை, பெண் உட்பட ஒருவரும் மண்டபத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று இரு வீட்டாரும் மனமொத்து முடிவு செய்து, ஆயிரம் பத்திரிகை அடிக்கக் கிளம்பினார்கள்.