கொண்டல்பேட்டை பிளாட்பாரம் குட்டையான கதை

இதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. சொன்ன தவமணி அக்காவே நம்பவில்லை. நம்பியிருந்தால் இவ்வளவு நன்றாகச் சொல்ல வந்திருக்காது.

சாயங்கால லோக்கலில் எங்கள் லேடீஸ் பெட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. ராத்திரிச் சமையலுக்கான காய்கறி வேலையெல்லாம் ரயிலிலேயே முடிந்துவிடும். ஒருத்தி அவரைக்காய்க்கு நாரெடுப்பாள், ஒருத்தி பட்டாணி உரிப்பாள். கதை சொல்கிறவள் மட்டும் கையை அசைக்க வேண்டாம். அவளுடைய கீரையைக் கேட்கிறவர்கள் ஆய்ந்து தர வேண்டும், அதுதான் கூலி. கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் தவமணி அக்கா வாரம் முழுக்க முருங்கைக்கீரையாகவே வாங்குவதற்கு வேறு காரணம் கிடையாது என்பாள், கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருக்கும் ஜெயக்கொடி அக்கா.

பேறுகால லீவு முடிந்து நான் வேலைக்குப் போன முதல் நாள் அது. எட்டு மாதப் பையன் அமலனை, ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் லில்லிமேரி அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். பால்புட்டியைக் கண்டாலே தலையைத் திருப்பிக்கொள்கிற பிள்ளை. திரும்பி வரும்போது, கொண்டல்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால் சிக்னல் விழாமல் வண்டி முட்காட்டு நடுவில் நின்றுவிட்டது. எங்கள் ஸ்டேஷன் கூரை கண்ணுக்குத் தெரிகிறது, போகத்தான் முடியவில்லை. லில்லிமேரி அம்மாவுக்கு போன் அடித்தேன். எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பால் கட்டி ரவிக்கை நனையத் தொடங்கிவிட்டது. அவன் தொண்டை வறண்டு கத்துவது காதிலேயே கேட்டது.

எழுந்து வாசலுக்குப் போனேன். குதித்து ஜல்லியில் நடந்தால் போய்விடலாம். கீழே பார்த்தால் கிணறு மாதிரி இருந்தது. பக்கத்துத் தண்டவாளத்தில் எப்போது எக்ஸ்பிரஸ் வரும் என்று யாருக்கும் தெரியாது.

"குதிக்கப் போறியா, ஜெனிட்டா?" என்றாள் தவமணி அக்கா, காபி குடிக்கிறியா என்று கேட்பதுபோல. "குதி. அதுக்கு முன்னால இந்தக் கட்டை மட்டும் உருவிக் குடுத்துட்டுப் போ."

கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, மடியில் ஒரு கட்டு முருங்கைக்கீரையைப் போட்டாள். கான்வென்ட்டில் படித்தவளுக்கு ஒரு கஷ்டம்: பெரியவர்கள் கொடுத்த வேலையைப் பாதியில் விட்டு எழுந்திருக்க வராது. உருவ ஆரம்பித்தேன்.

அக்கா கதையை ஆரம்பித்தாள். இங்கே வண்டி நிற்பதே பெரிய விஷயமாம். வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டல்பேட்டையில் எந்த வண்டியும் நிற்காதாம். தவமணி அக்காவின் மாமனார் வீட்டில் ஒரு எருமை இருந்ததாம். தண்டவாளம் நல்ல சூடு என்று அது தினமும் சாயங்காலம் போய் அதன்மேல் படுத்துக்கொள்ளும். ஊதிப் பார்த்தான், அடித்துப் பார்த்தான், வேப்பிலை அடித்தும் பார்த்தான் டிரைவர். எருமை எழுந்திருக்கவில்லை. கடைசியில் துரை வந்து பார்த்துவிட்டு, எப்படியும் வண்டி நிற்கத்தான் போகிறது, ஒரு ஸ்டேஷனைக் கட்டித்தொலை என்று சொல்லிவிட்டானாம்.

"ஸ்டேஷன் மாஸ்டர் யாரு, எருமையா?" என்றாள் ஜெயக்கொடி அக்கா.

அதுதானாம். வாலை இடப்பக்கம் ஆட்டினால் வண்டி கிளம்பலாம், வலப்பக்கம் ஆட்டினால் நிற்க வேண்டும். சம்பளம் பருத்திக்கொட்டை. ரிடையர் ஆனபோது மாலை போட்டார்களாம், அதையும் தின்றுவிட்டதாம்.

நான் வாசலைப் பார்த்தேன். அக்கா என் மடியைப் பார்த்தாள். "காம்பு விழுது பாரு. கவனமா உருவு."

ஸ்டேஷன் வந்ததே தவிர பிளாட்பாரம் இல்லை. பொம்பளைகள் இறங்க முடியாமல் அடுத்த ஊருக்குப் போய் நடந்து வந்தார்களாம். கோபம் வந்து, ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஒரே ராத்திரியில் வீட்டுக்கு ஒரு குண்டான் இட்லி மாவைக் கொண்டுவந்து தண்டவாள ஓரமாகக் கொட்டிவிட்டார்கள். விடிவதற்குள் மாவு பொங்கி இடுப்பு உயரம் வந்துவிட்டது. முதல் வண்டி புஸ்ஸென்று ஆவியை விட்டுக்கொண்டு வந்து நின்றதா, அவ்வளவுதான். அப்படியே வெந்து ஒரே நீள இட்லி. அதுதான் நம் பிளாட்பாரம்.

"நான் தினம் அதுலதான் இறங்குறேன். சிமெண்டு அது."

"காஞ்சு போன இட்லியை நீ பார்த்ததே இல்லையா, ஜெயா? உங்க வீட்ல தினம் செய்யறதுதான." பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள் சிரித்ததில் பட்டாணி சிதறியது. தவமணி அக்கா விடவில்லை. "கடைசி ரெண்டு பெட்டி பிளாட்பாரத்துக்கு வெளியே நிக்குதில்ல? ஏன்னு நெனைச்சே? அது பஞ்ச காலத்துல சட்னி வச்சுத் தின்ன பாகம்."

எனக்கும் சிரிப்பு வந்தது. வந்ததும் உடனே பயமும் வந்தது. பிள்ளை அங்கே கத்திக்கொண்டிருக்கும்போது பெற்றவளுக்கு என்ன சிரிப்பு? கீரையைக் கீழே வைத்தேன்.

தவமணி அக்கா குரலைத் தாழ்த்தினாள். இதை வெளியில் யாருக்கும் சொல்லக் கூடாதாம். கொண்டல்பேட்டை சிக்னல் மின்சாரத்தில் ஓடுவதில்லையாம். எருமை செத்தபோது கடைசியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனதாம்: என் ஊரில் எந்தப் பிள்ளையும் தாய்க்குக் காத்துக் கிடக்கக் கூடாது. அன்றிலிருந்து, ஊருக்குள் ஒரு பால்குடிப் பிள்ளை பசித்து அழுதால் சிக்னல் தானாக விழுந்துவிடும்.

"அப்ப ஏன் இன்னும் விழல?" என்று கேட்டேன்.

"அவன் இன்னும் அழலன்னு அர்த்தம்."

ஜெயக்கொடி அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். நான் கீரையை எடுத்து மறுபடி உருவினேன். கட்டு முடியவும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது.

"கேட்டியா? இப்பத்தான் அழுதிருக்கான்," என்றாள் தவமணி அக்கா, கீரையைப் பையில் திணித்துக்கொண்டே.

இறங்கி ஓடினேன். லில்லிமேரி அம்மா வாசலிலேயே வாயில் விரல் வைத்துக் காட்டினாள். அமலன் தொட்டிலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். பக்கத்தில் காலிப் புட்டி. பிள்ளை எழுந்துவிடுவானே என்று போனை ஊமையாக்கி வைத்திருந்தாளாம்.

"அழுதானா?"

"எதுக்கு அழணும்? குடிச்சான், தூங்கிட்டான்."

மறுநாள் சாயங்காலம் பெட்டியில் உட்கார்ந்ததும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். பையன் அழுதானா இல்லையா என்று ஜெயக்கொடி அக்கா கேட்டாள், சாட்சியை விசாரிப்பதுபோல. தவமணி அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சர்ச்சில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான்.

"அழுதானாவா?" என்றேன். "அவன் அழுத அழுகையில நம்ம சிக்னல் மட்டும் இல்ல அக்கா, அடுத்த பத்து ஸ்டேஷன் சிக்னலும் விழுந்துடுச்சு. நான் போறப்ப தொட்டிலை ஆட்டிக்கிட்டு நின்னது லில்லிமேரி அம்மா இல்ல. ஒரு எருமை. கழுத்துல பாதி தின்ன மாலை."

ஜெயக்கொடி அக்கா என் பையைத் திறந்தாள். உள்ளேயிருந்த முருங்கைக்கீரைக் கட்டை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

"எருமை வலப்பக்கம் ஆட்டுச்சா, இடப்பக்கமா?" என்றாள். "சரியாச் சொல்லு. இல்லாட்டி பாதிக் கட்டுதான் உருவுவேன்."