மருந்து வாடை அடித்த மயிலை

ஓர் ஏரிக்கரையில் செவலை என்றொரு பெண் நாய் இருந்தது. கரையோரத்துக் கோழிக்கடைக்காரர்கள் கழிவை ஏரிச் சரிவில் கொட்டுவார்கள். அதைத் தின்றே அங்கே ஒரு நாய்க்கூட்டம் பெருகிவிட்டது. செவலைதான் அதற்குத் தலைவி. போன ஈற்றில் அது போட்ட ஆறு குட்டிகளில் லாரிக்கும் மழைக்கும் தப்பியது ஒன்றே ஒன்று. நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருந்ததால் அதற்குப் புள்ளி என்று பெயர். செவலைக்கு உயிரே அந்தக் குட்டிதான்.

கூட்டம் பெருகப் பெருக ஊருக்குள் புகைச்சல் கிளம்பியது. சைக்கிளில் போகிறவர்களை நாய்கள் துரத்தின. பால்காரர் ஒருவர் விழுந்து கையை முறித்துக்கொண்டார். கடைசியில் ஒரு நாள் கூண்டு வைத்த வண்டி வந்தது. இரண்டு ஆட்கள் வலையோடு இறங்கினார்கள். எல்லா நாய்களும் ஓட்டம் பிடித்தன. செவலையின் தங்கை மயிலை மட்டும் எலும்பு ஆசையில் நின்று அகப்பட்டுக்கொண்டது.

"போனவ போனவதான்" என்று செவலை அன்று முழுக்க ஊளையிட்டது.

சில நாள் கழித்து அதே வண்டி அதே இடத்தில் வந்து நின்றது. கதவு திறந்தது. மயிலை குதித்து இறங்கியது! இடது காதின் நுனி மட்டும் வெட்டப்பட்டிருந்தது. வாலை ஆட்டிக்கொண்டு, "அக்கா!" என்று ஓடி வந்தது.

செவலை முகர்ந்து பார்த்தது. உடம்பெல்லாம் மருந்து வாடை. ஏரிச் சேற்றின் வாடை இல்லை, கூட்டத்தின் வாடை இல்லை. கண் சொன்னாலும் மூக்கு ஒப்புக்கொள்ளாமல் நாய்கள் எதையும் நம்புவதில்லை. அந்த வழக்கம் எத்தனையோ முறை அவற்றைக் காப்பாற்றியும் இருக்கிறது. பாவம், இந்த ஒருமுறை கவிழ்த்துவிட்டது.

"யாருடி நீ?"

"என்னக்கா இது, நான்தான் மயிலை."

"மயிலை மாதிரி இருக்கே. மயிலை வாடை இல்லையே."

"அது ஆஸ்பத்திரி வாடைக்கா. இனிமே குட்டி போடாம இருக்க வயித்துல என்னமோ செஞ்சாங்க. வெறி நோய் வராம இருக்க ஊசி போட்டாங்க. அடையாளத்துக்குக் காதுல ஒரு வெட்டு. அவ்வளவுதான். திரும்பக் கொண்டாந்து விட்டுட்டாங்களே!"

"குட்டி போட மாட்டியா? அப்புறம் நீ என்ன நாய்?"

"ஆறு பெத்து அஞ்சைப் பறிகொடுத்தவ கேக்கிற கேள்வியாக்கா இது?"

செவலைக்குச் சுருக்கென்றது. அந்த வலியே கோபமாக மாறியது. அது உறுமியது. தலைவி உறுமினால் கூட்டம் சும்மா இருக்குமா? எல்லாம் சேர்ந்து மயிலையைக் கரையின் மறுகோடிக்கு விரட்டிவிட்டன. அங்கே ஒரு பனைமரத்தடியில் அது தனியாகப் படுத்துக்கொண்டது. மழை பெய்து மருந்து வாடை கழுவிப் போன பிறகும் செவலை அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றது.

மறுபடியும் வண்டி வந்தது. மயிலை தூரத்தில் நின்றே கத்தியது. "அக்கா, புள்ளியை ஒளிக்காதக்கா. அவனுக்கு அந்த ஊசியாவது போடட்டும்."

செவலை குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு ஏரி மதகுக்குள் நுழைந்தது. மற்ற நாய்களும் ஆளுக்கொரு பொந்தில் ஒளிந்துகொண்டன.

"சித்தி நல்லாத்தானே இருக்குது அம்மா?" என்றது புள்ளி.

"வாயை மூடு. அது உன் சித்தி இல்ல."

வண்டி வெறுங்கூண்டோடு திரும்பிப் போனது. செவலைக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் பனங்காட்டிலிருந்து நரி ஒன்று வந்தது. நாயைக் கண்டால் ஓடுவதுதான் நரியின் குணம். இந்த நரி ஓடவில்லை. வாயில் நுரை ஒழுக, தள்ளாடிக்கொண்டு பனைமரத்தை நோக்கி வந்தது. அந்த நேரம் பார்த்துப் புள்ளி யாருக்கும் தெரியாமல் சித்தியோடு விளையாட வந்திருந்தது. நரியையும் விளையாட வந்ததாக நினைத்து எதிரே ஓடியது.

மயிலை பாய்ந்து குறுக்கே விழுந்தது. நரியின் பல் அதன் தோளைக் கிழித்தது. ஆனால் அதற்குள் குட்டியின் பின்னங்காலிலும் ஒரு கடி விழுந்திருந்தது. சத்தம் கேட்டுக் கூட்டம் ஓடி வருவதற்குள் நரி புதருக்குள் போய்விட்டது.

மயிலையின் காயம் பெரியது. குட்டியின் காயம் சின்னது. இரண்டும் ஆறிவிட்டன. செவலை நிம்மதியாக மூச்சு விட்டது.

சில வாரங்கள் போயின. புள்ளி தண்ணீர் குடிப்பதை நிறுத்தியது. பிறகு தின்பதை நிறுத்தியது. ஒரு காலை செவலை அருகில் போனபோது, தாயை யாரென்றே தெரியாமல் உறுமியது. தங்கையைத் தெரியாது என்று உறுமிய செவலை, தன் பிள்ளை தன்னைப் பார்த்து உறுமுவதைக் கேட்டுக்கொண்டு நின்றது. எந்த மதகுக்குள் ஒளித்துவைத்ததோ, அதே மதகுக்குள் போய்ப் புள்ளி செத்துப்போனது.

செவலை பனைமரத்தடிக்கு நடந்தது. மயிலை எழுந்து நின்றது.

"ஒரே நரிதானே உங்க ரெண்டு பேரையும் கடிச்சது?"

"ஆமாக்கா."

"நீ இருக்கே."

மயிலை அக்காவின் முகத்தை நக்கிக் கொடுத்தது. எதைச் சொன்னாலும் அது குத்திக்காட்டுவதாகப் போய்விடும் என்று அதற்குத் தெரியும்.

அடுத்த முறை வண்டி வந்தபோது செவலை தானே போய் அதன் முன்னால் நின்றது. தலைவியைப் பார்த்து மற்ற நாய்களும் குட்டிகளோடு ஒவ்வொன்றாக வந்தன.

"இதென்னய்யா, தானா வந்து நிக்குது?" என்றார் வலைக்காரர்.

"புத்திசாலி நாய் போல" என்றார் இன்னொருவர்.

செவலை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிறவளுக்குப் புத்திசாலிப் பட்டம் எதற்கு?

சில நாளில் வண்டி எல்லாவற்றையும் கொண்டுவந்து கரையில் இறக்கிவிட்டது. செவலையின் காதிலும் இப்போது ஒரு வெட்டு. அது திரும்பித் தன் விலாவையே முகர்ந்து பார்த்தது. அதே மருந்து வாடை.

"இந்த வாடையோட என் பிள்ளை ஓடி வந்திருப்பானே" என்றது.

மயிலை பக்கத்தில் வந்து, முகர்ந்து பார்க்காமலே படுத்துக்கொண்டது.

பழகாத வாடை என்று நல்லதை விரட்டியவர், பிறகு அதையே தேடிப் போனாலும், போன உயிர் திரும்பி வராது.