பங்கு கேட்டவளுக்குச் சாம்பல்

அந்தக் காலத்தில் வயலுக்கு வாய் இருந்தது, வரப்புக்குக் காது இருந்தது. அப்போது ஆற்றங்கரை வயல்களுக்கு அடியில் பூஞ்சாத்தாள் தன் மக்களோடு குடியிருந்தாள். பூஞ்சணக் குலத்துக்கே அவள்தான் தாய். உடம்பெல்லாம் வெள்ளை நூல், ஒரு பொட்டுப் பச்சை கிடையாது. பச்சை உள்ள செடிகொடிகள் வெயிலையே அடுப்பாக்கித் தம் சோற்றைத் தாமே ஆக்கிக்கொள்ளும். அவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனாலும் அவள் திருடியதில்லை. உயிரோடு இருக்கும் எதன்மேலும் வாய் வைத்ததில்லை. செத்ததைத்தான் தின்றாள்.

செத்ததைத் தின்பது கேவலம் என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அவளுக்கும் அய்யாறு என்ற உழவனுக்கும் ஒரு பேச்சு இருந்தது. நெல் அறுக்கும்போது அய்யாறின் அரிவாள் தரையிலிருந்து ஒரு சாண் விட்டுத்தான் அறுக்கும். அந்தச் சாண் தாள் பூஞ்சாத்தாளின் பங்கு. நெற்பயிர் சேர்த்துவைத்த இனிப்பு தாளுக்குள் மிச்சம் இருக்கும், கூடவே கொஞ்சம் உப்புச் சத்தும் இருக்கும். ஈரம் பட்டதும் அவளும் மக்களும் அதைக் கரைத்து உறிஞ்சுவார்கள். அவர்கள் தின்று முடித்த மண் பொலபொலவென்று கிடக்கும், அடுத்த போகம் அதில்தான் விளையும். அய்யாறு ஒரு நாளும் இதற்கு நன்றி சொன்னதில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததை உளுந்து வந்து கெடுத்தது. நெல் அறுத்த வயலில் உளுந்து விதைத்துப் பார்க்கலாம் என்று அந்த ஆண்டுதான் அய்யாறுக்குத் தோன்றியது. விதைப்பெட்டியில் கிடந்தபடியே உளுந்து மூக்கைப் பொத்திக்கொண்டது.

"இந்த அழுகல் நாத்தத்துல என்னால மொளைக்க முடியாது. தாளையெல்லாம் கொளுத்திப்புட்டு அப்பறம் என்னைக் கூப்புடு."

பெண்டாட்டி சொன்னால்கூட மூன்று நாள் யோசிக்கிற மனுஷன், விதைப்பெட்டி சொன்னதும் தீப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு போனான். ஒரே பிற்பகலில் வயல் முழுக்க எரிந்து அடங்கியது. தாளின் தூரில் வாய் வைத்திருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் கருகிப்போனார்கள். ஆழத்தில் இருந்தவர்கள் மட்டுமே தப்பினார்கள்.

பூஞ்சாத்தாள் சுட்ட மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்தாள்.  

"எங்கடா என் பங்கு?"

"ஏன் கத்துற? அங்கதான கெடக்கு, சாம்பல். எரிச்சாலும் அதே தாள்தானே? எடுத்துத் தின்னு" என்றான் அய்யாறு. அவன் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினான். சாம்பல் போட்டால் கீரை தழைக்கிறதே, இவளுக்கு மட்டும் ஆகாதா என்று நினைத்தான். தெரியாமல் செய்தான் என்று அவனுக்குப் பரிந்து பேசுவார்கள். பேசட்டும். பங்காளியின் சோற்றில் கை வைப்பவன் முதலில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

"சாம்பல்ல இனிப்பு இருக்கா? நீ ஒரு கை அள்ளிப் போட்டு முழுங்கு பாப்போம்! பச்சை இருக்கறவ சாம்பலை வேர்ல வாங்கிட்டு வெயில்ல ஆக்கிக்குவா. எனக்கு அடுப்பு ஏது? ஆக்கின சோறுதாண்டா எனக்கு வேணும்!"

அய்யாறு ஏரை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

உளுந்து முளைத்தது, தளதளவென்று வளர்ந்தது. அடியில் பூஞ்சாத்தாளின் மக்கள் சாம்பலை நக்கிப் பார்த்து, துப்பி, ஒவ்வொருவராகச் சுருண்டார்கள். அவள் ரோஷத்தை விட்டுவிட்டு உளுந்திடமே போனாள்.

"ஒம்மேல எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. ஆனா எம்புள்ளைங்க சாகுது. அறுவடைக்கப்பறம் தூரையும் சருகையுமாவது விட்டுட்டுப் போ."

"தூரா? என்னை வேரோட புடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோவாங்க. ஒனக்கு ஒரு காம்புகூட மிஞ்சாது" என்றது உளுந்து. "என் சோத்த நானே ஆக்கிக்கறேன். நீயும் ஆக்கிக்கத் தெரிஞ்சா ஆக்கிக்க. இல்லேன்னா பிச்சை கேக்கறத நிறுத்து."

அவள் மக்களிடம் திரும்பினாள். மாசிப் பனி விழுந்துகொண்டிருந்த விடியற்காலை அது. கடைசி மகள் பொடிச்சி மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தாள். பூஞ்சாத்தாள் அவளைக் கையில் ஏந்தி, நனைந்திருந்த உளுந்து இலைமேல் வைத்தாள். அந்தக் குலத்தில் அதுவரை யாரும் சொல்லாததைச் சொன்னாள்.

"குத்துடி. தோலைத் துளைச்சு நூலை உள்ள விடு. கொன்னுபுடாத, உறிஞ்சு."

பொடிச்சி ஊசி முனையளவு நூலை இலைக்குள் இறக்கினாள். உள்ளே, முந்தின நாள் வெயிலில் உளுந்து ஆக்கிய இனிப்பு மிச்சம் இருந்தது. குழந்தை கண் திறந்தது.

"இன்னும் எவளெவ பசியோட இருக்கா? ஏறுங்கடி மேல!" என்று பூஞ்சாத்தாள் வயல் அதிரக் கத்தினாள்.

வெயில் ஏறி அய்யாறு வந்து பார்த்தபோது உளுந்து வயல் முழுக்க வெளுத்துக் கிடந்தது.

"எவன்டா என் வயல்ல சாம்பலைக் கொட்டினவன்?" என்று இலையைத் துடைத்தான். துடைக்கத் துடைக்க மறுபடி பூத்தது.

"நீ குடுத்ததுதான் அய்யாறு. தின்ன முடியல, திருப்பித் தர்றேன்" என்றாள் பூஞ்சாத்தாள். "இப்ப நீ தின்னு."

இலைகள் வாடின. காய் பாதிக்கு மேல் மணியில்லாத பொக்கு. ஆக்கிய சோற்றை யாரோ தின்றுகொண்டே இருக்க, உளுந்து நின்ற இடத்திலேயே பட்டினி கிடந்தது. அய்யாறு வரப்பில் விழுந்து கும்பிட்டான். அடுத்த நெல் அறுப்பில் ஒரு சாணுக்கு இரண்டு சாணாகத் தாளை விட்டான், தீப்பந்தத்தை ஆற்றில் எறிந்தான்.

பூஞ்சாத்தாளுக்குக் கோபம் தணிந்தபாடில்லை. ஆனால் பேச்சு என்றால் பேச்சு. உளுந்து போனபின் வரப்புச் செடிகளில் ஒண்டியிருந்த மக்களைக் கீழே இறங்கி வரச் சொன்னாள். மூத்தவர்கள் வந்து தாளைத் தின்றார்கள். பொடிச்சியும் அவளோடு ஒட்டிக்கொண்டவர்களும் வந்தார்கள், வாய் வைத்தார்கள், துப்பினார்கள்.

"எறங்கலம்மா" என்றாள் பொடிச்சி. "செத்தது எறங்கல. உசிரோட இருக்கறதோட சாறுதான் எறங்குது."

"தின்னுடி! இதுதாண்டி நம்ம சோறு!" என்று பூஞ்சாத்தாள் தாளைப் பிய்த்து மகளின் வாயில் திணித்தாள். மறுபடியும் திணித்தாள். பொடிச்சி வற்றிக்கொண்டே போனாள். காற்று வந்ததும் தூளாகி அதில் ஏறி, எங்கோ ஒரு பச்சை இலையைத் தேடிப் பறந்துவிட்டாள்.

பூஞ்சாத்தாள் அய்யாறைத் திட்டினாள், உளுந்தைச் சபித்தாள். கடைசியில், மகளை அந்த இலைமேல் வைத்த தன் கையை மண்ணில் அறைந்து அறைந்து அழுதாள்.

அன்று முதல்தான் பனி இறங்கும் நாளில் உளுந்து இலையில் சாம்பல் பூக்கிறது. செடி செத்தால் தானும் சாக வேண்டும் என்ற பயத்தில் மகள் மேலே உயிருள்ளதைக் கொல்லாமல் உறிஞ்சுகிறாள், தாய் கீழே மண்ணில் செத்ததைத் தின்கிறாள், ஒரு வேளைகூட இருவரும் சேர்ந்து உண்டதில்லை.