அக்காவுக்கு விரித்த படுக்கை

மலையடிவாரத்துக் காடு ஒன்றில், பாறைக் குகையில், சடையன் என்றொரு கரடி குடியிருந்தது. தங்கமான மனசு அதற்கு. ஆனால் எந்த வேலையை எடுத்தாலும் நீட்டி முழக்காமல் செய்யத் தெரியாது. ஒரு கிழங்கைத் தோண்டப் போனால், முதலில் சுற்றியிருக்கும் புல்லைப் பிடுங்கி, கல்லைப் பொறுக்கி, மண்ணைச் சமன் செய்து, அப்புறம்தான் கிழங்குக்கு வரும்.

பங்குனி மாதத்தில் ஒரு நாள், மைனா ஒன்று பறந்து வந்து குகை வாசலில் உட்கார்ந்தது.

"சடையா, அடுத்த மலையில் உன் அக்கா தேனம்மை பாறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். பின்னங்காலில் நல்ல அடி. கால் தேறும்வரை உன்னிடம் வந்து இருக்கலாமா என்று கேட்டு வரச் சொன்னாள்."

சடையனுக்குக் கண் கலங்கிவிட்டது. தாயை இழந்த குட்டியாக இருந்தபோது அதை முதுகில் சுமந்து வளர்த்தது அந்த அக்காதான்.

"இதைக் கேட்கவும் வேண்டுமா? உடனே வரச் சொல். படுக்கை போட்டு வைக்கிறேன்."

"என்ன படுக்கை போடப் போகிறாய்?" என்று மைனா கேட்டது. அடுத்தவர் வீட்டு வேலைக்கு யோசனை சொல்வதென்றால் மைனாவுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"காய்ந்த புல்தான். நான் அதில்தானே படுக்கிறேன்?"

"அடிபட்டு வருகிறவளுக்கு வெறும் புல்லா? காட்டில் நாலு பேர் என்ன பேசுவார்கள்? அடியில் மூங்கில் இலை போடு, ஈரம் ஏறாது. அதன் மேல் கோரை. அதன் மேல் நொச்சித் தழை, வலிக்கு நல்லது. எல்லாவற்றுக்கும் மேலே இலவம்பஞ்சு. அக்கா என்றால் சும்மாவா?"

சடையனுக்கு அது நியாயமாகவே பட்டது. மூங்கில் புதருக்கு ஓடியது. ஓடைக்கரையில் கோரை பிடுங்கியது. இலவ மரத்தில் ஏறி, வெடித்த காய்களை உலுக்கிப் பஞ்சு சேர்த்தது. படுக்கை அதன் இடுப்பு உயரத்துக்கு எழும்பி நின்றது.

சாயங்காலம் தேனம்மை நொண்டி நொண்டி வந்து சேர்ந்தது.

"வா அக்கா, ஏறிப் படு" என்றது சடையன், பெருமையோடு.

அடிபட்ட காலோடு அவ்வளவு உயரம் ஏறுவதற்குள் தேனம்மைக்கு உயிர் போய் வந்தது. படுத்ததும் பஞ்சு மூக்கில் ஏறியது. தும்மல் மேல் தும்மல்.

"எப்படி இருக்கிறது அக்கா?"

"நன்றாகத்தான் இருக்கிறது தம்பி" என்றது தேனம்மை, மீசையெல்லாம் பஞ்சாக.

மறுநாள் காலையில் பார்த்தால் கோரை ஒரு பக்கம், தழை ஒரு பக்கம், பஞ்சு குகை முழுக்க. சடையன் பதறிவிட்டது.

"அக்கா, கொஞ்சம் வெளியே நில். படுக்கையைச் சரி பண்ணிவிடுகிறேன்."

எல்லாவற்றையும் பிரித்து, உதறி, வெயிலில் காயவைத்து, மறுபடி ஒவ்வொன்றாக அடுக்கி முடிப்பதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது. அதுவரை தேனம்மை மூன்று காலில், பாறையில் சாய்ந்தபடி நின்றது. இரை தேடவும் நேரமில்லை. அக்காவும் தம்பியும் உட்கார்ந்து பேசவும் நேரமில்லை.

அடுத்த நாளும் இதே கதை. அலுத்துப்போன சடையன், "புரளாமல் படுத்தால்தான் என்ன அக்கா? பார், எல்லாம் கலைந்து கிடக்கிறது" என்று முணுமுணுத்தது.

அன்று முதல் தேனம்மை புரளவில்லை. கட்டை போல ஒரே பக்கமாகப் படுத்தது. கால் இன்னும் வீங்கியது.

ஒரு காலையில் தேனம்மை மெல்லச் சொன்னது: "தம்பி, எனக்குத் தேவலை. நான் கிளம்புகிறேன்."

"வீக்கம் வற்றவே இல்லையே அக்கா!"

"போகப் போகச் சரியாகிவிடும். நான் வந்ததிலிருந்து உனக்குத்தான் வேலை ஓயவில்லை."

சடையனுக்கு நெஞ்சில் முள் தைத்தது போல இருந்தது. 'படுக்கை போதவில்லை போலிருக்கிறது. இன்னும் மெத்தென்று போட்டால் அக்கா தங்கிவிடுவாள்' என்று நினைத்துக்கொண்டு, இலவ மரத்துக்கு மறுபடி ஓடியது.

கை நிறையப் பஞ்சோடு திரும்பியபோது குகை காலியாக இருந்தது.

"அக்கா" என்று கூப்பிட்டது. பதில் இல்லை. அந்தக் காலோடு எவ்வளவு தூரம் போயிருப்பாள்? மலைப்பாதை வரை ஓடியது. ஓடைக்குப் போய்ப் பார்த்தது. பிறகு, எங்கிருந்தோ குறட்டைச் சத்தம் கேட்டது.

பாறைக்குப் பின்னால் இலுப்பை மரத்தடியில், உதிர்ந்து கிடந்த சருகின் மேல், நான்கு காலையும் நான்கு பக்கம் நீட்டியபடி தேனம்மை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. வந்த நாளிலிருந்து அக்கா இப்படித் தூங்கிச் சடையன் பார்க்கவே இல்லை.

பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்தது.

கண் விழித்த தேனம்மை பதறியது. "கிளம்பத்தான் வந்தேன் தம்பி. கொஞ்சம் உட்காரலாம் என்று பார்த்தேன், கண் அசந்துவிட்டது. நீ அவ்வளவு ஆசையாகப் படுக்கை போட்டிருக்கிறாய், நான் இங்கே வந்து..."

"அந்தப் படுக்கை உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏன் அக்கா சொல்லவில்லை?"

"எப்படிச் சொல்வேன்? உன் முகம் வாடிவிடுமே."

சடையன் தலையைக் குனிந்துகொண்டது. "உனக்கு எப்படி இருந்தால் வசதி என்று நானும் கேட்கவில்லை. மைனா பேச்சைக் கேட்டேன். இப்போது கேட்கிறேன், சொல் அக்கா."

"ஏறாமல் படுக்க வேண்டும். புரண்டால் யாரும் திட்டக் கூடாது" என்று சிரித்தது தேனம்மை. "இந்தச் சருகே போதும். நீ பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால், அதைவிட வேறென்ன வேண்டும் எனக்கு?"

சடையன் குகையிலிருந்த அடுக்குகளை எல்லாம் வாரி வெளியே போட்டது. சருகை அள்ளிக்கொண்டு போய்த் தரையில் பரப்பி, நடுவில் கையால் ஒரு பள்ளம் செய்தது. படுக்கை முடிந்துவிட்டது. மறுநாள் காலையிலும் இரண்டு தரம் கிளறிவிட்டதோடு வேலை தீர்ந்தது. தேனம்மை எழுந்து நிற்கக்கூட வேண்டியிருக்கவில்லை. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் புரண்டு கொடுத்தது, அவ்வளவுதான்.

மிச்சப் பொழுதெல்லாம் அவர்களுக்கே சொந்தம். சடையன் இலுப்பைப் பூ பொறுக்கி வரும். இரண்டும் தின்றபடியே, அம்மாவைப் பற்றியும் பழைய காட்டைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். பேச்சின் நடுவிலேயே தேனம்மை தூங்கிப்போகும். அப்போதும் சடையன் பேச்சை நிறுத்தாது. குரலை மட்டும் தாழ்த்திக்கொள்ளும்.

நீதி: ஒருவருக்கு ஒன்றைச் செய்யுமுன், எப்படிச் செய்தால் வசதி என்று அவரையே கேளுங்கள், உங்கள் வேலையும் குறையும், அவர் மனமும் நிறையும்.