கதவு சாத்தியாச்சா?

மலைக் கணவாயின் கீழே கினு என்ற பெண்மணி குச்சிக்கறிக் கடை நடத்தினார். கோழித் துண்டுகளைக் குச்சியில் கோத்துத் தணலில் வாட்டுவார். பாதி வெந்ததும் சோயாக் குழம்பு ஜாடியில் முக்கியெடுத்து, மறுபடி தணலில் வைப்பார்.

அந்த ஜாடியை யாரும் காலி செய்ததில்லை, கழுவியதுமில்லை. கடை எடுத்துவைக்கும்போது அன்று குறைந்துபோன அளவுக்குப் புதுக் குழம்பு காய்ச்சி ஊற்றுவார்கள். பழையதோடு புதியது கலந்து அப்படியே போய்க்கொண்டிருந்தது.

கினுவின் ஒரே சீடர் தோகுசோ. குருவைவிட வயதில் மூத்தவர். சமையலில் அவருக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. அவர் மனைவி மாசா முன்பு கினுவிடம் வேலை பார்த்தவள்; அதே அடுப்பில் நின்று, அதே ஜாடியில் குச்சி முக்கியவள். போன பனிக்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் தோகுசோ கடைக்குச் சாப்பிட வந்தார். பக்கத்தில் கரி விற்பவன் ஒருவன் ஒரு துண்டைக் கடித்தான். அவர் பக்கம் திரும்பினான்.

"கதவு சாத்தியாச்சா?"

அது மாசாவின் குரல். தினமும் படுக்கையில் அவள் கேட்கிற கேள்வி.

கரிக்காரன் ஒன்றும் நடக்காததுபோல் மென்றுகொண்டிருந்தான். மறுநாளே தோகுசோ சீடராகச் சேர்ந்துவிட்டார்.

தினமும் யாராவது ஒருவர் கேட்டார்கள். தினமும் அவர் வாயெல்லாம் பல்லாகப் பதில் சொன்னார்.

"சாத்தியாச்சு, மாசா."

ஆனால் புதுக் குழம்பு சேரச் சேரக் குரல் மங்கியது. இன்னொரு முறை அவளைச் சாகக் கொடுக்கத் தோகுசோவால் முடியாது. புதுக் குழம்பை ரகசியமாகக் கொல்லையில் கொட்ட ஆரம்பித்தார்.

ஜாடி வற்றியது. குழம்பு தார்போல் இறுகியது. குரல் தெளிந்தது. தாடிக்காரத் துறவி ஒருவர் மாசாவாகக் கேட்டார். சந்தைக்குப் போகும் பெண்கள் மூவர் ஒரே நேரத்தில் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, ஒரே குரலில் கேட்டார்கள். கேட்டது அவர்கள் யாருக்கும் நினைவில்லை.

ஒருநாள் பொழுது சாயும் நேரம் கினு ஜாடிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க தோகுசோ, ஜாடிக்கும் விரதமா?"

தோகுசோ தரையில் நெற்றி பட விழுந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க, குருவே. குழம்பு இன்னும் இறுகினா வேற ஏதாவது பேசுவா. என் பேரைச் சொல்லுவா."

கினு ஒரு குச்சியை அந்தக் கறுப்பில் முக்கி, தணலில் காட்டி, தானே கடித்தார். அவர் கண்கள் நிலைகுத்தின. கை நீண்டு தோகுசோவின் சட்டையைப் பிடித்தது.

"கதவு சாத்தியாச்சா? கதவு சாத்தியாச்சா? கதவு..."

படுக்கையில் கேட்கிற குரல் இல்லை அது. மூச்சு இரைத்தது.

"சாத்தியாச்சு மாசா! நல்லா சாத்தியாச்சு!"

பிடி இன்னும் இறுகியது. தோகுசோ குச்சியைப் பிடுங்கி எறிந்தார். கினு இருமினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். பிறகு அன்றைக்குக் காய்ச்சிய புதுக் குழம்பை எடுத்துவந்து, தோகுசோவின் முன்னால் வைத்தார்.

தோகுசோ அதைத் தொடவில்லை. அழுதார்.

"தினமும் பதில் சொல்றேனே, குருவே. அப்புறமும் ஏன் அதையே கேட்கிறா?"

"நீங்க சொல்ற பதிலைக் கேட்டுப் பயந்துபோய்த்தான். உள்ளே மாட்டிக்கிட்டிருக்கறது அவதானே."