நரைத்த பலகை

தூத்துக்குடியில் வைரவநாதன் முதலாளிக்கு ஓர் உல்லாசப் படகு இருந்தது. அதன் மேல்தளம் முழுவதும் தேக்கு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். அந்தத் தளத்தில் கடல்நீர் ஊற்றி, மரத்தின் ரேகைக்குக் குறுக்கே மெதுவாகத் தேய்த்துக் கழுவுவது அமலோற்பவத்தின் வேலை. அந்தக் கூலியில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

படகை விலைபேச ஒருவர் வந்த அன்று, பாதிப் பலகைகள் வெள்ளிபோல் நரைத்திருந்தன. மற்றவை புதுசுபோலச் செம்பழுப்பாக இருந்தன.

"ஏட்டி, சோம்பேறி! தேக்கை இப்படியா பாழாக்குவ?" என்று வந்தவர் முன்னாலேயே முதலாளி கத்தினார். "நாங்க டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள எல்லாப் பலகையும் ஒரே நிறமா இருக்கணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது."

அமலோற்பவம் பணிவாகக் கேட்டாள்: "ஆகட்டும் மொதலாளி. எதை எது மாதிரி மாத்தணும்?"

"எதுவா இருந்தா என்னட்டி?"

"இல்ல மொதலாளி, வெயிலும் உப்புக்காத்தும் பட்டா தேக்கு நரைக்கும். நரைக்காதது, நீங்க போன வருஷம் சாயம் பூசிப் போட்ட மலிவு மரம். தேக்குக்கும் சாயம் அடிச்சா ஒரே நிறமாயிரும். அந்த மரத்தைத் தேக்காக்கணும்னா மாதாகிட்டதான் கேக்கணும்."

வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். முதலாளி சொன்ன விலையில் பாதிக்கே படகை அங்கேயே பேசி முடித்துவிட்டார்.

அவர் இறங்கும்போது அமலோற்பவம் கும்பிட்டாள். "நாளைக்கும் நான் கழுவ வரட்டுமா ஐயா?"

"வேண்டாம்மா, வேற ஆளைப் பாத்துக்கறேன்," என்றார் அவர் தன்மையாக. "ஒருநாள் நானும் இதை விக்கணும்ல."